புகைபோக்கி இல்லாத நெருப்பு

2020 ஜனவரியில் கேரளத்திலிருந்து நேபாளம் சுற்றிப் பார்க்கப் போன ஒரு குழு, டாமன் என்ற மலையூரின் விடுதியில் இரவு தங்கியது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர்; நல்ல குளிர்காலம். ஓர் அறையில் எட்டுப் பேர் கேஸ் ஹீட்டரை எரியவிட்டு, கதவையும் சன்னல்களையும் உள்ளிருந்து தாழிட்டுப் படுத்தார்கள். அவர்களில் நால்வர் குழந்தைகள். மறுநாள் காலையில் அறையைத் திறந்தபோது எட்டுப் பேரும் நினைவின்றிக் கிடந்தார்கள். ஒருவரையும் காப்பாற்ற முடியவில்லை. அறையில் தீப்பற்றவில்லை, சிலிண்டர் வெடிக்கவில்லை. ஹீட்டர் எரிந்த அறையில் மூச்சடைத்துப் போனதே காரணமாகக் கருதப்பட்டது.

கேஸ் ஹீட்டரைப் பற்றிப் பேசும்போது நம் பயமெல்லாம் வெடிப்பைச் சுற்றியே இருக்கிறது. கசிவு வாசனை வருகிறதா, குழாய் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறோம். அந்தக் கவனம் தேவைதான். ஆனால் ஒழுங்காகப் பொருத்தி, ஒரு துளியும் கசியாமல் எரியும் ஹீட்டர்கூட அறையில் இருப்பவரைக் கொல்லக்கூடும். அதைப் புரிந்துகொள்ளாமல் ஊட்டியிலோ கொடைக்கானலிலோ நுவரெலியாவிலோ, கனடாவில் கார் நிறுத்தும் கொட்டகையிலோ வைக்க ஒரு ஹீட்டரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. எத்தனை கிலோவாட், என்ன விலை, எந்த நிறுவனம் என்பவை பின்னால் வரவேண்டிய கேள்விகள். எரிவதற்கான காற்று எங்கிருந்து வரும், எரிந்த பின் உண்டாகும் வாயு எங்கே போகும் என்பதே முதல் கேள்வி.

ஒரு கிலோ கேஸ் எரிந்தால்

நாம் எல்.பி.ஜி. என்று அழைக்கும் சமையல் கேஸ், புரோப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. சிலிண்டருக்குள் அழுத்தத்தால் திரவமாக இருக்கும். திறந்தால் வாயுவாக வெளிவரும். ஒரு கிலோ கேஸ் முழுமையாக எரிந்தால் கிடைக்கும் வெப்பம் ஏறத்தாழ 12.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். இவ்வளவு சிறிய எடைக்குள் இவ்வளவு ஆற்றல் அடங்கியிருப்பதால்தான் தூக்கிச் செல்லும் ஹீட்டர்களுக்கு இந்த எரிபொருள் பொருந்துகிறது.

அந்த ஒரு கிலோ எரிய 3.6 கிலோ ஆக்சிஜன் வேண்டும். கடல் மட்டக் கணக்கில் சுமார் 13 கன மீட்டர் காற்றில்தான் அவ்வளவு ஆக்சிஜன் இருக்கும். எரிந்து முடிந்ததும் 3 கிலோ கார்பன் டை ஆக்சைடும் 1.6 கிலோ நீராவியும் மிஞ்சும். வீட்டுச் சமையலறையில் இது நமக்கு உறைப்பதில்லை. அடுப்பு எரியும் நேரம் குறைவு, சன்னல் திறந்திருக்கும், மேலே புகை போக வழி இருக்கும். ஹீட்டரின் நிலை வேறு. குளிருக்காக அறையை இறுக மூடிவிட்டு, மணிக்கணக்கில் எரியவிடுகிறோம்.

ஊட்டியில் ஒரு படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். 12 அடிக்கு 10 அடி, உயரம் 10 அடி. அதன் கொள்ளளவு 34 கன மீட்டர். ஊட்டியின் உயரத்தில் அந்த அறைக் காற்றின் எடை சுமார் 32 கிலோ. அதில் ஆக்சிஜன் ஏழரைக் கிலோ. இதில் 3 கிலோவாட் கேஸ் ஹீட்டரை முழு வேகத்தில் எரித்தால் மணிக்கு கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான கேஸ் செலவாகும். ஆக்சிஜன் 850 கிராம் தீரும். வெளிக்காற்று துளியும் உள்ளே வரவில்லை என்று வைத்துக்கொண்டால், 21 விழுக்காடாக இருந்த ஆக்சிஜன் ஒன்றேகால் மணி நேரத்தில் 18 விழுக்காடாக இறங்கிவிடும். வெளிக்காற்றில் 0.04 விழுக்காடே உள்ள கார்பன் டை ஆக்சைடு அதற்குள் 1.8 விழுக்காட்டை எட்டும். நிஜ அறைகளில் கதவிடுக்கு, சன்னல் இடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று வரும், நேரம் நீளும். ஆனால் குளிர் புகாமல் இருக்க அந்த இடுக்குகளைத்தான் நாம் துணி வைத்து அடைக்கிறோம்.

நீராவியின் கணக்கையும் பார்த்துவிடலாம். அதே ஹீட்டர் 8 மணி நேரம் எரிந்தால் அறைக்குள் 3 லிட்டர் நீர் சேரும். காலையில் சன்னல் கண்ணாடியில் நீர் வழிவதும், சுவர் மூலைகளில் பூஞ்சை பிடிப்பதும், பட்டறையில் இரும்புக் கருவிகள் துருவேறுவதும் இதனால்தான். கேஸ் ஹீட்டரின் வெப்பம் ஈரமான வெப்பம்.

ஆளைக் கொல்லும் வாயு

ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும்வரை கேஸில் உள்ள கார்பன் முழுவதும் கார்பன் டை ஆக்சைடாக மாறும். ஆக்சிஜன் குறைந்தாலோ, பர்னரில் தூசி அடைத்தாலோ, சுடர் குளிர்ந்த உலோகத்தில் மோதினாலோ எரிதல் பாதியில் நிற்கும். அப்போது கார்பன் மோனாக்சைடு உருவாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணெரிச்சலும் இல்லை. கேஸில் கலக்கப்படும் மெர்காப்டனின் நாற்றம் எரியாத கேஸைத்தான் காட்டிக்கொடுக்கும். எரிந்தபின் உண்டாகும் இந்த நஞ்சைக் காட்டாது.

நம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் பற்றிக்கொள்ளும். காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தால்கூடச் சில மணி நேரத்தில் இரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனில் பாதி போய்விடும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த உடலியலாளர் ஜான் ஸ்காட் ஹால்டேன் 1890களில் நிலக்கரிச் சுரங்கச் சாவுகளை ஆராய்ந்து இதைத் தெளிவுபடுத்தினார். அந்த வாயுவைத் தானே சுவாசித்து, தன் உடலில் ஏற்படும் மாற்றங்களைக் குறித்துவைத்தார். சிறு பறவைகள் மனிதரைவிட விரைவில் மயங்கும் என்று அவர் சொன்னதன் பேரில்தான் பிரிட்டிஷ் சுரங்கங்களுக்குள் கேனரிக் குருவிகள் போயின. 1986 வரை அவை அங்கே காவல் இருந்தன.

அறிகுறிகள் எளிதில் ஏமாற்றிவிடும். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், கைகால் தளர்ச்சி. மலைக்கு வந்தவர்கள் இதை உயரத்தால் வந்த உபாதை என்றோ, பயணக் களைப்பு என்றோ எண்ணிப் படுத்துவிடுவார்கள். தூக்கத்திலிருந்து மயக்கத்துக்குப் போவது அவர்களுக்கே தெரியாது. கோவிட் காலத்தில் பல வீடுகளில் வாங்கிவைத்த விரல் நுனி ஆக்சிமீட்டரும் இங்கே உதவாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஏறியதாகவே கணக்கிட்டு நல்ல எண்ணைக் காட்டும். ஒரே அறையில் இருக்கும் பலருக்கு ஒரே நேரத்தில் தலை வலிக்கிறது, காய்ச்சல் இல்லை, வெளியே வந்தால் குறைகிறது என்றால் அதுவே பெரிய எச்சரிக்கை. உடனே எல்லோரையும் வெளியே கொண்டுவந்து, மருத்துவமனையில் ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். சாதாரணக் காற்றில் இந்த வாயு இரத்தத்தில் பாதியாகக் குறைய 4 முதல் 5 மணி நேரம் ஆகும். தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் போதும்.

குளியலறைக்குள் பொருத்திய கேஸ் கீசரும், அறைக்குள் தணல் போட்டுக் குளிர்காய்வதும் ஆளைக் கொல்வது இதே வழியில்தான்.

ஹீட்டருக்குள் இருக்கும் காவல்கள்

நல்ல ஹீட்டரில் குறைந்தது மூன்று காவல்கள் இருக்கும். முதலாவது, சுடர் அணைந்தால் கேஸை நிறுத்தும் தெர்மோகப்பிள். இரு வேறு உலோகங்களை இணைத்து, ஒரு முனையைச் சூடாக்கினால் மின்னழுத்தம் உண்டாகும் என்பதை 1821இல் ஜெர்மானியர் தாமஸ் சீபெக் கண்டார். சுடரில் நனையும் அந்த முனை தரும் சில மில்லிவோல்ட் மின்னழுத்தமே கேஸ் வால்வைத் திறந்து பிடித்திருக்கிறது. பற்றவைத்தபின் குமிழை அரை நிமிடம் வரை அழுத்திக்கொண்டே இருக்கச் சொல்வது அந்த முனை சூடேறத்தான். காற்றில் சுடர் அணைந்தால் முனை குளிரும், வால்வு மூடிக்கொள்ளும். இதற்கு மின்சாரமோ பேட்டரியோ வேண்டாம்.

இரண்டாவது, கவிழ்ந்தால் அணைக்கும் சுவிட்ச். குழந்தையோ நாயோ இடித்துத் தள்ளும் வாய்ப்புள்ள இடத்தில் இது இல்லாத ஹீட்டரை வைக்கவே கூடாது.

மூன்றாவது, ஆக்சிஜன் குறைவை உணரும் அமைப்பு. இது மின்னணுக் கருவி இல்லை. நுட்பமாகத் துளையிட்ட முனையில் எரியும் ‘பைலட்’ என்ற சிறு சுடர்தான். ஆக்சிஜன் நிறைந்திருக்கும்போது சுடர் பர்னரை ஒட்டி நின்று தெர்மோகப்பிளைச் சூடாக்கும். ஆக்சிஜன் குறையக் குறையச் சுடர் பரவும் வேகம் குறைந்து, பர்னரை விட்டுத் தூக்கிக்கொண்டு போகும். சுமார் 18 விழுக்காட்டில் தெர்மோகப்பிளைத் தொடாமல் விலகிவிடும், ஹீட்டர் அணையும். அமெரிக்காவில் வீட்டுக்குள் பயன்படுத்தும் புகைபோக்கியற்ற ஹீட்டர்களுக்கு இது கட்டாயம்.

இந்த அமைப்பு இருக்கிறது என்பதற்காக நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது. அது அளப்பது ஆக்சிஜன் குறைவை மட்டும்தான். பர்னரில் அழுக்கேறி, ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போதே கார்பன் மோனாக்சைடு உண்டானால் அதற்குத் தெரியாது. பைலட்டின் காற்றுத் துளையில் தூசியோ சிலந்தி வலையோ அடைத்தால் அதன் நிதானமே மாறிவிடும்.

மலையில் இன்னொரு சிக்கல். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். ஆக்சிஜனின் விழுக்காடு அதேதான் என்றாலும், ஒரு கன மீட்டரில் உள்ள ஆக்சிஜனின் அளவு கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. பர்னருக்கு ரெகுலேட்டர் அனுப்பும் கேஸ் அவ்வளவாகக் குறையாது. அதனுடன் கலக்கும் ஆக்சிஜன் குறைந்துவிடும். கலவையில் கேஸ் மிகுந்து, எரிதல் அரைகுறையாகும். அதனால்தான் உயரம் 1,000 அடி கூடும்போதெல்லாம் பர்னரின் திறனை 4 விழுக்காடு குறைத்துக் கணக்கிட வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் உண்டு. ஆக்சிஜன் உணரி உள்ள தூக்கிச் செல்லும் ஹீட்டர்கள் 7,000 அடிக்கு மேல் தாமாக அணையக்கூடும் என்று அங்குள்ள தயாரிப்பாளர்கள் கையேட்டில் எச்சரிக்கிறார்கள். ஊட்டி 7,350 அடி. கொடைக்கானல் ஏறத்தாழ 7,000 அடி. அடிக்கடி அணைகிறது என்று சொல்லி, அந்த உணரியைக் கழற்றிவிட்டோ கம்பி மாற்றியோ எரியவைக்க ஒரு மெக்கானிக் முன்வந்தால் அவரை அனுப்பிவிட வேண்டும். அணைவது பழுது இல்லை. காற்று போதவில்லை என்ற அறிவிப்பு.

நான்கு வகை, நான்கு குணம்

கடைகளில் கிடைக்கும் கேஸ் ஹீட்டர்கள் வெப்பத்தை வெளியிடும் முறையால் வேறுபடுகின்றன.

மிகப் பரவலானது அகச்சிவப்பு ஹீட்டர். நூற்றுக்கணக்கான நுண்துளைகள் கொண்ட பீங்கான் தட்டின் மேற்பரப்பில் கேஸ் எரியும். தட்டு 800 முதல் 900 டிகிரி செல்சியஸ்வரை சூடேறிச் செந்நிறமாகத் தகிக்கும். ஆற்றலில் ஏறத்தாழப் பாதிவரை வெப்பக் கதிராக வெளியே பாயும். இந்தக் கதிர் வழியில் உள்ள காற்றைச் சூடாக்காமல், எதிரே இருக்கும் உடலையும் சுவரையும் சூடாக்கும். பற்றவைத்த ஒரு நிமிடத்திலேயே இதம் தெரியும். எதிரே இருந்து நகர்ந்தால் போய்விடும்.

இரண்டாவது, வினையூக்கி ஹீட்டர். பிளாட்டினம் பூசிய இழைப்பஞ்சுத் தகட்டில் கேஸ் சுடரின்றி ஆக்சிஜனோடு சேர்கிறது. கேஸும் காற்றும் கலந்த கலவையில் சூடான பிளாட்டினக் கம்பியைப் பிடித்தால் அது சுடரில்லாமலே தகிப்பதை 1817இல் ஹம்ப்ரி டேவி அறிவித்தார். அதே தத்துவம் இது. தகட்டின் வெப்பம் பீங்கான் தட்டைவிட வெகுவாகக் குறைவு. சரியாக வேலை செய்யும்போது கார்பன் மோனாக்சைடும் மிகக் குறைவு. ஆனால் ஆக்சிஜனை இதுவும் தின்னும், கார்பன் டை ஆக்சைடை இதுவும் விடும். நாளாக ஆகத் தூசியாலும் சிலிகோன், கந்தகச் சேர்மங்களாலும் பிளாட்டினம் செயலிழக்கும். அப்போது எரியாத கேஸ் அறைக்குள் வரும்.

மூன்றாவது, குண்டுக் குழாய் வடிவில் இருக்கும் ஊதுகாற்று ஹீட்டர். விசிறி காற்றைச் சுடரின் ஊடே தள்ளிச் சூடாக வெளியேற்றும். 10 கிலோவாட்டில் தொடங்கி 100 கிலோவாட் வரை உண்டு. விசிறிக்கு மின்சாரம் வேண்டும், சத்தம் அதிகம். சுடரில் உண்டான வாயு முழுவதையும் அதே காற்றோடு அறைக்குள் ஊதிவிடும். வீட்டுக்கு எந்த நிலையிலும் ஆகாது.

நான்காவது, குடை வடிவத் தலையுள்ள வெளிப்புற ஹீட்டர். உணவகங்களின் திறந்த முற்றங்களில் பார்த்திருப்பீர்கள். 13 கிலோவாட் அளவுள்ளது மணிக்கு ஒரு கிலோ கேஸ் குடிக்கும்.

இந்த நான்குக்கும் பொதுவானது ஒன்று உண்டு: எதிலும் புகைபோக்கி கிடையாது. இடம்விட்டு இடம் நகர்த்த வேண்டுமானால் சுவரோடு குழாய் வைத்துப் பொருத்த முடியாது. வெளிக்காற்றைக் குழாய் வழியே இழுத்து, எரிந்த வாயுவை வெளியிலேயே விடும் சுவர் ஹீட்டர்களும் இருக்கின்றன. அவற்றில் அறைக்காற்றும் சுடரும் சந்திப்பதே இல்லை. குளிர் நாடுகளில் வீடுகளுக்கு அதுவே முறையான கேஸ் ஹீட்டர். நகர்த்தும் வசதியைத் தேர்ந்தெடுக்கும்போது, சுடரின் கழிவை நாமே சுவாசிக்கச் சம்மதிக்கிறோம். பிறகு எஞ்சுவது, அதை எவ்வளவு வேகமாக வெளியே அனுப்புவது என்ற கணக்கு.

எவ்வளவு வெப்பம் தேவை?

அளவுக்கு மிஞ்சிய ஹீட்டர் வாங்குவது பணத்தோடு காற்றையும் வீணாக்கும். கணக்கு எளியது. அறையின் கொள்ளளவைக் கன மீட்டரில் எடுத்து, வெளியே இருப்பதைவிட உள்ளே எத்தனை டிகிரி கூட வேண்டுமோ அதால் பெருக்கி, கட்டடத்தின் தன்மைக்கான எண்ணால் மீண்டும் பெருக்கி, 860ஆல் வகுத்தால் தேவையான கிலோவாட் கிடைக்கும். தகரக் கொட்டகைக்கு அந்த எண் 3 முதல் 4. ஒற்றைச் செங்கல் சுவருக்கு 2 முதல் 2.9. இரட்டைச் செங்கல் சுவருக்கு 1 முதல் 1.9. வெப்பம் கடத்தாத பூச்சும் அடைப்பும் உள்ள வீட்டுக்கு 0.6 முதல் 0.9.

முன்பு பார்த்த ஊட்டி அறைக்கே போட்டுப் பார்ப்போம். வெளியே 8 டிகிரி, உள்ளே 18 வேண்டும். 34 × 10 × 2.5 ÷ 860. விடை 1 கிலோவாட். சாதாரண மின்சார ஹீட்டர் ஒன்று 15 ஆம்பியர் பிளக்கில் தாராளமாகத் தரக்கூடிய வெப்பம்தான் இது. 3 கிலோவாட் கேஸ் ஹீட்டருக்கு அந்த அறையில் வேலையே இல்லை.

பட்டறையைப் பாருங்கள். 8 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், மூன்றரை மீட்டர் உயரத் தகரக் கொட்டகை. 10 டிகிரி உயர்த்த வேண்டும். 140 × 10 × 3.5 ÷ 860 என்றால் 5.7 கிலோவாட். மணிக்கு 450 கிராம் கேஸ். 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்று ஏறத்தாழ 42 மணி நேரம் வரும். மின்சாரத்தில் இதை ஈடுகட்ட வலுவான இணைப்பு வேண்டும். இங்கேதான் கேஸ் தன் மதிப்பைக் காட்டுகிறது.

வீடு, பட்டறை, வெட்டவெளி

படுக்கையறைக்கு நகர்த்தும் கேஸ் ஹீட்டர் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. மின்சாரம் உள்ள இடத்தில் எண்ணெய் நிரப்பிய மின் ஹீட்டர், கனமான போர்வை, வெந்நீர்ப் பை போதும். மின்தடைக்காக ஒன்று வைத்திருக்க விரும்பினால், ஆக்சிஜன் உணரியும் கவிழ்வு சுவிட்சும் உள்ள சிறிய அகச்சிவப்பு அல்லது வினையூக்கி ஹீட்டரை வாங்கி, கூடத்தில், விழித்திருக்கும்போது மட்டும், சன்னலைச் சற்றுத் திறந்துவைத்து எரிக்கலாம். வீட்டுக்குள் பயன்படுத்தத் தகுந்தது என்று அதன் கையேட்டில் எழுதியிருக்க வேண்டும். படுக்கப் போகும்முன் ஹீட்டரை அணைத்து, சிலிண்டர் வால்வையும் மூட வேண்டும். சன்னல் திறந்தால் வெப்பம் போய்விடுமே என்று தோன்றும். போகத்தான் செய்யும்; அதோடு கார்பன் மோனாக்சைடும் போகும்.

பட்டறையில் ஊதுகாற்று ஹீட்டருக்கு ஐரோப்பியக் கையேடுகள் ஒரு கணக்குத் தருகின்றன: ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 25 சதுர சென்டிமீட்டர் திறப்பு, எப்படியும் 250 சதுர சென்டிமீட்டருக்குக் குறையாமல், அதைத் தரையருகே பாதி, கூரையருகே பாதி என்று பிரித்துவைக்க வேண்டும். 15 கிலோவாட் ஹீட்டருக்கு மொத்தம் 375 சதுர சென்டிமீட்டர். அதாவது 25 சென்டிமீட்டருக்கு 15 சென்டிமீட்டர். மேலும் கீழுமாகப் பிரிப்பதற்குக் காரணம், சூடான வாயு மேலே போனால்தான் குளிர்ந்த புதுக்காற்று கீழே வரும்.

பெயிண்ட், தின்னர், பெட்ரோல், மரத்தூள் உள்ள பட்டறையில் திறந்த சுடரே ஆகாது. எரியாத கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் தரையோடு படர்ந்து, வண்டிக்கு அடியில் தோண்டிய பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கும். காற்றில் அது 2 விழுக்காடு இருந்தாலே பற்றிக்கொள்ளும். பள்ளம் உள்ள பட்டறையிலும் நிலத்தடி அறையிலும் சிலிண்டர் இருக்கக் கூடாது. பெரிய கொட்டகை முழுவதையும் சூடாக்குவதைவிட, வேலை செய்பவர் நிற்கும் மேசையை நோக்கி ஓர் அகச்சிவப்பு ஹீட்டரைத் திருப்பிவைப்பது கேஸையும் காற்றையும் மிச்சப்படுத்தும்.

வெட்டவெளியில் நச்சு வாயு கலைந்துபோகும், வெப்பமும் அப்படியே. அதனால் காற்றைச் சூடாக்கும் எந்த ஹீட்டரும் வெளியே வீண். கதிர் வெப்பம் மட்டுமே உதவும், அதுவும் அருகில் இருப்பவர்களுக்கு. இந்த விரயத்தைக் கருதித்தான் பிரான்ஸ் 2022 மார்ச் 31 முதல் உணவகங்களின் திறந்த முற்றங்களைச் சூடாக்குவதைத் தடை செய்தது. கூடாரத்தை வெளி என்று நினைத்துவிடக் கூடாது. பனியில் நனைந்த துணி காற்றைப் புகவிடாது. கூடாரத்தின் கொள்ளளவோ அறையினுடையதில் ஒரு சிறு பங்குதான். கூடாரத்துக்குள் எந்தச் சுடரையும் எரியவிட்டுத் தூங்கக் கூடாது.

சிலிண்டரும் ரெகுலேட்டரும்

திரவம் வாயுவாக மாற வெப்பம் வேண்டும். மணிக்கு ஒரு கிலோ கேஸ் எடுத்தால், சிலிண்டர் தன்னைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை இடைவிடாமல் உறிஞ்ச வேண்டும். முடியாதபோது அது குளிர்ந்து, வெளிப்புறத்தில் பனி படியும், அழுத்தம் விழும், சுடர் தளரும். கடல் மட்டத்தில் புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியில் கொதிக்கிறது. பியூட்டேன் மைனஸ் அரை டிகிரியில். ஊட்டியை அடுத்த தலைகுந்தாவிலும் அவலாஞ்சியிலும் புல்மேல் உறைபனி படியும் இரவில், பியூட்டேன் மட்டும் உள்ள சிறிய கேனிஸ்டர் தயங்கித்தான் எரியும். கலவை சிலிண்டரில் புரோப்பேன் முதலில் வெளியேறுவதால், அடியில் மிஞ்சுவதில் பியூட்டேன் கூடும். குளிர்காலத்தில் கேஸ் மீதி இருந்தும் ஹீட்டர் சோர்வது இதனால்தான். அதற்காகச் சிலிண்டரை வெந்நீரில் வைப்பதும், ஹீட்டரின் முன்னால் திருப்பிவைப்பதும், படுக்கவைப்பதும் ஆபத்து. படுக்கவைத்தால் வாயுவுக்குப் பதில் திரவமே குழாய்க்குள் பாயும். வெப்பம் அதிகம் வேண்டுமானால் பெரிய சிலிண்டர் வையுங்கள். பரப்பு கூடினால் உறிஞ்சும் வெப்பமும் கூடும்.

நம் வீட்டு ரெகுலேட்டர் சுமார் 30 மில்லிபார் அழுத்தத்தில் கேஸ் தரும். ஐரோப்பாவிலிருந்து வரும் சில ஹீட்டர்கள் 37 அல்லது 50 மில்லிபாருக்கும், ஊதுகாற்று ஹீட்டர்கள் அதைவிடப் பல மடங்கு அழுத்தத்துக்கும் செய்யப்பட்டவை. ஹீட்டரின் பெயர்ப்பலகையில் உள்ள எண்ணும் ரெகுலேட்டரில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பொருந்தாத ரெகுலேட்டரால் சுடர் மஞ்சளாகிப் புகையும். அந்த மஞ்சள், எரிதல் கெட்டுவிட்டதற்கு அடையாளம். குழாய் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற ரப்பர் குழாயாக இருக்கட்டும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒவ்வொரு முறை சிலிண்டர் மாற்றியபின்னும் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். இந்தியாவில் கேஸ் கசிவுக்கு உதவி கேட்க 1906 என்ற எண் இருக்கிறது. வெளியே வந்த பிறகு அழையுங்கள்.

ஹீட்டரோடு வாங்க வேண்டிய கருவி

கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் எந்த மூடிய இடத்திலும் கேஸ் ஹீட்டரை எரிக்க வேண்டாம். ஐரோப்பியத் தரத்தின்படி செய்த அலாரம், காற்றில் பத்து லட்சத்தில் 50 பங்கு இருந்தால் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள்ளும், 100 பங்கு இருந்தால் 10 முதல் 40 நிமிடத்துக்குள்ளும், 300 பங்கு இருந்தால் மூன்று நிமிடத்துக்குள்ளும் அலறும். தூங்குபவரை எழுப்பும் அந்த மூன்று நிமிடங்களே உயிரைக் காக்கும். புகை அலாரமும் கேஸ் கசிவு அலாரமும் இந்த வேலையைச் செய்யா. வாங்கும்போது பெட்டியில் கார்பன் மோனாக்சைடு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எரியாத கேஸ் கனமானது என்பதால் கசிவு அலாரத்தைத் தரையருகே வைக்கிறோம். கார்பன் மோனாக்சைடின் அடர்த்தி காற்றை ஒட்டியது, அறை முழுதும் பரவும். அதனால் இந்த அலாரத்தை ஹீட்டருக்கு ஒட்டாமல், படுத்திருப்பவரின் தலையுயரத்தில் வைப்பது நல்லது. உணரிக்கு ஆயுள் வரம்பு உண்டு. காலாவதி ஆண்டைக் குறித்துவைத்து மாற்றுங்கள்.

நம் மலையூர்களின் விடுதிகளிலும் வாடகை வீடுகளிலும் அறைக்கு ஒரு கேஸ் ஹீட்டர் கொடுப்பவர்கள் அறைக்கு ஓர் அலாரமும் பொருத்த வேண்டும். இதைச் சட்டம் வற்புறுத்தும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அறை பதிவு செய்யும்போது நாம் கேட்கத் தொடங்கினாலே நடக்கும். அலாரம் இல்லையென்றால் கேஸ் ஹீட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னொரு கம்பளி கேளுங்கள்.

கடையில் நிற்கும்போதும் இதே வரிசையில் கேளுங்கள். இதை மூடிய இடத்தில் எரிக்கலாம் என்று தயாரிப்பாளர் எழுத்தில் சொல்லியிருக்கிறாரா? ஆக்சிஜன் உணரி, சுடர்க் காவல், கவிழ்வு சுவிட்ச் மூன்றும் உள்ளனவா? என் ஊரின் உயரத்துக்கும் என் வீட்டு ரெகுலேட்டருக்கும் இது பொருந்துமா? அதன் பிறகு கிலோவாட்டையும் விலையையும் பேசுங்கள். முதல் கேள்விக்கே தெளிவான பதில் கிடைக்காவிட்டால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அந்த ஹீட்டர் உங்கள் வீட்டுக்குள் வரக்கூடாது.